டர்போவுக்குப் பழகிய கால்

தொண்ணூறுகளில் வாரம் முழுக்கத் தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் ஃபைல் தள்ளிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் இன்னொருவருடைய காரை ஓட்டினேன். அவர் கீழ்க்கட்டளையில் லேத் பட்டறை வைத்திருந்தார். கார் அவருடையது, பெட்ரோல் அவருடையது, என்னுடையது வலது கால் மட்டும். அந்தக் காலில்தான் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் இருந்தது.

அந்தக் காருக்கு டர்போ பொருத்தியிருந்தோம். வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற விசிறி அது. மிதித்தவுடன் சுற்றாது. எங்கள் அலுவலகம் மாதிரி, கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். எழுந்தால் முதுகில் ஒரு குத்து. அதனால் வளைவின் பாதியிலேயே மிதித்துவிட வேண்டும். கார் நேராகும்போது பவர் வந்து சேரும். இதைப் பழக எனக்கு மூன்று சீசன் ஆயிற்று. எத்தனை முறை காரோடு தடம் விலகிப் புல்லில் போய் உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள்.

பிறகு அவர் டர்போவைக் கழற்றிவிட்டு சூப்பர்சார்ஜர் வைத்தார். அதுவும் காற்றைத் திணிக்கிற வேலைதான் செய்யும், ஆனால் என்ஜினோடு பெல்ட்டால் பிணைந்திருப்பதால் காத்திருக்க வைக்காது.

"இனிமே வெயிட்டிங்கே கெடையாது மச்சான். மிதிச்சா அங்கியே கீது பவரு," என்று பட்டறையில் குதித்தார்.

அடுத்த பந்தயத்தில் ஓட்ட ஒருவருக்குத்தான் இடம். நானா, டர்போவையே தொட்டிராத இன்னொரு டிரைவரா என்று அதற்கு முந்தின ஞாயிறு ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு.

விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. லேட்டாக மிதிக்க வேண்டும், லேட்டாக மிதிக்க வேண்டும் என்று படப்பை தாண்டும் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். தெரிந்து என்ன பிரயோஜனம்? வளைவின் பாதியில் கால் தானாக அழுந்தியது. பவர் அப்போதே வந்தது. பின்சக்கரங்கள் வழுக்க, கார் ஒரு சுற்று சுற்றி வந்த வழியைப் பார்த்து நின்றது. மறுபடி ஓட்டினேன். அதே வளைவு, அதே சுற்று.

மற்றவர் ஏறினார். மிதிக்க வேண்டிய இடத்தில் மிதித்தார், போனார், அவ்வளவுதான். அவருக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சலைவிட அலுப்பு. இன்னும் மூன்று சீசன் புல்லில் உட்கார உடம்பில் தெம்பில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பட்டறைக்காரர் பக்கத்தில் வந்தார். அத்தனை வருடமும் என்னை வாடா போடா என்று பேசியவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க காலு டர்போவுக்குன்னே ஆன காலு."

"டர்போவைத்தான் போன வாரமே வித்துட்டியேடா," என்றேன்.

"ஆமா சார்," என்றார்.