தறி நிற்காத வாக்கியம்

சித்தூர் ஜில்லாவை வெட்டித் திருப்பதியைத் தனி ஜில்லா ஆக்கினார்களே, அதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். எல்லாம் புளுகு. நகரியில் இருக்கிற பிரமிளாவின் பெருமையை ஒரே ஜில்லாவால் சுமக்க முடியவில்லை, அவ்வளவுதான். நகரி மலையில் மூக்கு மாதிரி ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுகூட ஆதியில் சப்பையாகத்தான் இருந்தது. இவள் செல்லில் என்ன எழுதுகிறாள் என்று எட்டி எட்டிப் பார்த்துத்தான் அவ்வளவு நீண்டுபோனது.

இப்படி ஆரம்பித்தால்தான் அக்கா மேற்கொண்டு படிப்பாள் என்று இதை எழுதுகிற அவள் தம்பி யஸ்வந்த் நினைத்தான். பிளஸ் டூ மாதிரியான இண்டர் பரீட்சையில் பாக்கி வைத்திருக்கிறவன் வேறு எப்படி ஆரம்பிப்பான்?

நேரில் பார்த்தால் பிரமிளா மலை எட்டிப் பார்க்கிற ஆளெல்லாம் இல்லை. கண்ணாடி போட்ட ஒல்லி உடம்பு. பகலில் வீட்டுத் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். மிச்ச நேரத்தில் செல்லில் ‘நேரா சொல்லு’ என்று ஒரு பக்கம் நடத்துகிறாள். கரண்ட் ஆபீஸ், ரேஷன், பேங்க் என்று எங்கிருந்து அறிவிப்பு வந்தாலும் அது தெலுங்கில் வரும், இல்லையென்றால் சட்டைக்குக் கஞ்சி போட்ட மாதிரி ஒரு தமிழில் வரும். ‘மின் விநியோகம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படும்’ என்று வந்தால் பிரமிளா இப்படிப் போடுவாள்: ‘நாளைக்குக் காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் கரண்ட் இருக்காது. தறி ஓடாது. மாவை இன்னைக்கே அரைச்சி வெச்சிக்குங்க.’ மாவைப் பற்றிக் கரண்ட் ஆபீஸ் ஒன்றும் சொல்லியிருக்காது. அது இவளாகச் சேர்த்தது.

எழுதியது புரிகிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. பக்கத்து வீட்டில் தணிகைவேல் மாமாவின் பவர்லூம் நாலும் ஒன்றாக ஓடும். அந்தச் சத்தத்தில் இடி இடித்தாலும் காதில் விழாது. பிரமிளா வாசலில் நின்று வாக்கியத்தைக் கத்துவாள். மாமா வேலை பார்த்தபடியே தலையை ஆட்டினால் வாக்கியம் பாஸ். தறியை நிறுத்திவிட்டு “இன்னா சொன்னே?” என்று வந்தால் பெயில், திருப்பி எழுத வேண்டும். ‘மேற்படி’, ‘உரிய’ மாதிரியான வார்த்தைகளெல்லாம் அந்த வாசலிலேயே செத்து விழுந்தன.

பக்கம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே தொல்லை, கோதை. கிளிப் படம் வைத்த ஒரு கணக்கு. எதைப் போட்டாலும் கீழே ஒரு கேள்வியோடு வந்து நிற்கும். கரண்ட் இருக்காது என்று போட்டால், ‘செல்லுல டார்ச் எரியுங்களா?’ என்று கேட்கும். ரேஷனில் துவரம்பருப்பு வந்திருக்கிறது என்று போட்டால், ‘வேகுங்களா?’ என்று கேட்கும். பாலசமுத்திரம் பக்கம் வேலைவெட்டி இல்லாத ஒரு அம்மாவாக இருக்கும் என்று பிரமிளா மனசில் ஒரு உருவம்கூடச் செய்து வைத்திருந்தாள். பதில் மட்டும் போடமாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் நைனாவின், அதாவது அப்பாவின், வலது கண்ணில் புரை முற்றியது. அவர் பேர் நாகபூஷணம். தறியில் இழை அறுந்தால் உடனே பார்த்து முடிச்சுப் போட வேண்டும், இல்லாவிட்டால் துணி முழுக்கக் கோடு விழும். அவருக்கு இழை தெரியவில்லை. விரலால் தடவித் தடவித் தேடினார். துணி கோடு கோடாகத் திரும்பி வந்தது. தறியில் ஏற்றுகிற அடுத்த பாவு நூலைத் தரவேண்டுமென்றால் கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு வாங்க என்று நூல் கொடுக்கிற முதலாளி சொல்லிவிட்டார். பாவு இல்லையென்றால் தறி இல்லை. தறிச்சத்தம் இல்லாமல் நைனாவுக்குத் தூக்கம்கூட வராது.

திருப்பதியில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. அங்கே வேலை பார்க்கிற அகிலா, பிரமிளாவோடு காலேஜில் படித்தவள். ஆபரேஷனுக்கு நாள் வாங்கிக் கொடுத்தாள். தமிழ் ஆட்கள் நிறைய வருகிறார்கள், ஆஸ்பத்திரி பக்கத்துக்கு நம்ம தமிழில் எழுதிக் கொடு என்று தெலுங்குத் தாள் ஒன்றையும் அனுப்பினாள். அதில் ‘பரகடுபுன ராவாலி’ என்று ஒரு வரி. பிரமிளா யோசிக்கவே இல்லை. ‘சுகர் டெஸ்ட் இருக்கு, காலையில வெறும் வயித்தோட வாங்க’ என்று எழுதினாள். வாசலில் நின்று கத்தினாள். மாமா தலையை ஆட்டினார். தறி ஓடியது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் தன் பக்கத்திலும் போட்டாள்.

உடனே கிளி வந்தது. ‘டீ குடிக்கலாமாங்க? பன்னை டீயில நனைச்சா அது பன்னுங்களா, டீங்களா?’

பிரமிளா ஒரு கோபமூஞ்சியைப் போட்டுவிட்டுச் செல்லைக் கவிழ்த்தாள்.

ஆபரேஷன் அன்றைக்கு நைனாவை முதல் பஸ்ஸில் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். சுகர் எகிறி நின்றது. டாக்டர் தலையை ஆட்டினார், அது தணிகைவேல் மாமா ஆட்டுகிற மாதிரி இல்லை. சுகரைக் கட்டுக்குக் கொண்டு வந்துவிட்டு அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பிரமிளா மெதுவாகக் கேட்டாள். “காலையில இன்னா துன்னே நைனா?”

“ஒண்ணும் துன்னலியே. நீதான் சொன்னியே. பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சேன், ஒரு பன்னு நனைச்சிக்கினேன்.”

“வெறும் வயித்தோட வரணும்னு எழுதியிருந்தேனே.”

“டீயை வேற எந்த வயித்துல குடிப்பாங்க?”

தறிக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? விடியற்காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் உள்ளே போகிற டீயும் பன்னும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. மூஞ்சி கழுவுவது போல அது. சாப்பாடு என்பது பொழுது ஏறின பிறகு தறியை நிறுத்திவிட்டு, கை கழுவி, தட்டுக்கு முன்னால் உட்காருவது. அதனால்தான் மாமாவும் தலையை ஆட்டினார். அவருக்கும் புரிந்துதான் இருந்தது, டீயோடு சேர்த்து. தறி நிற்கவில்லை, நைனாவின் ஆபரேஷன் நின்றுவிட்டது.

நைனா ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிப்போனார். புத்தூர் வரைக்கும் பிரமிளா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு செல்லை எடுத்து, கோதைக்குத் தனியாக ஒரு சேதி அனுப்பினாள். ‘நீங்க கேட்டதை விளையாட்டுன்னு நெனைச்சேன். எங்க நைனா டீ குடிச்சிட்டார். தப்பு அவரோடது இல்ல, என்னோட வரியோடது. இன்னும் இன்னா கேக்கணுமோ கேளுங்க, திட்டமாட்டேன்.’

 பதில் வரிசையாக வந்தது. கூழு? வெத்திலை பாக்கு? பீடி? திருப்பதி பஸ்ஸில் யாராவது லட்டு கொடுத்தால் வேண்டாம் என்றால் பாவமா? கடைசியில் மட்டும் கேலி இல்லாமல் ஒன்று: ‘நைனாவுக்குக் கண்ணு திரும்பி வந்துடுங்களா?’

வந்துடும் என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

மறுநாள் ‘வெறும் வயிறு’ போய்ப் புதுசு வந்தது: ‘ராத்திரி சாப்பிட்டப்புறம் காலையில டெஸ்ட் முடியிற வரைக்கும் தண்ணி மட்டும்தான். டீ வேணாம். பன்னு, கூழு, வெத்திலை பாக்கு, பீடி எதுவும் வேணாம். பஸ்ஸுல யாராவது லட்டு குடுத்தா வாங்கி முடிஞ்சி வெச்சிக்குங்க. டெஸ்டுக்கு அப்புறம் டாக்டரைக் கேட்டுக்கினு துன்னுங்க. சாமி கோவிச்சிக்காது.’ சாமி சார்பாக ஆஸ்பத்திரி எப்படி வாக்குக் கொடுக்கும் என்று அகிலா இழுத்தாள். பிரமிளா அந்த வரியை எடுக்கமாட்டேன் என்றுவிட்டாள். மாமாவிடமும் சட்டம் மாறியது. தலையாட்டல் இனிமேல் செல்லாது, என்ன செய்யப்போகிறார் என்று அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். மாமா சொல்லிக்காட்டினார். மூக்குப்பொடி போடலாமா என்று ஒரு கேள்வியும் கேட்டார். அதையும் சேர்த்தாள்.

அடுத்த மாசம் நைனா துண்டு முனையில் லட்டை முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சுகர் சொன்ன பேச்சைக் கேட்டது, ஆபரேஷன் ஆயிற்று. கண் தெளிந்து, டாக்டர் சரி என்ற பிறகு தறியில் உட்கார்ந்தவர் இழைகளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் மேலே அண்ணாந்து, வீட்டில் இவ்வளவு ஒட்டடை இருப்பதை எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று அக்காவையும் தம்பியையும் சேர்த்துத் திட்டினார். பாவு வந்திருக்கிறது. தறி ஓடுகிறது.

பிரமிளாவைப் பற்றி எழுத வேண்டியது இவ்வளவுதான். எழுதி முடித்து யஸ்வந்த் அவளிடம் காட்டினான். முதல் பாராவைக் கொண்டுபோய் மாமா வாசலில் கத்தினாள். மாமா நாலு தறியையும் நிறுத்திவிட்டு வெளியே வந்து, எந்த ஊர் பிரமிளா என்று விசாரித்தார். யஸ்வந்த் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. நிதானமாக உட்கார்ந்து மேலே படித்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் சேதி அனுப்புகிற இடம் வந்ததும் நிறுத்தினாள். திரும்பவும் அதே இடத்தைப் படித்தாள்.

“கோதைக்கு நான் எழுதினதை யாருக்கும் காட்டலியேடா. நைனாவுக்குக்கூடத் தெரியாது. ஒரு வார்த்தை மாறாம எழுதிக்கிறே.”

யஸ்வந்த் செருப்பைத் தேடினான்.

“உக்காருங்க கோதையம்மா,” என்றாள் பிரமிளா. “இன்னைக்கு டீ குடிக்கலாம்.”