ஜெயகுமாரியின் நாவலில் ஒரு வரி

வீட்டில் கோபப்பட்டுப் பழக்கமில்லாத ஜெயகுமாரி, தன் கோபத்தையெல்லாம் ரயிலில் எழுதினாள். வேப்பம்பட்டில் ஏறி அம்பத்தூரில் இறங்கும் வரை, லேடீஸ் பெட்டியில் இடம் கிடைத்தால் உட்கார்ந்தும் கிடைக்காவிட்டால் நின்றும், செல்போனில் கட்டை விரலால் தட்டித் தட்டி ஒரு முழு நாவலை முடித்துவிட்டாள். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவள் நாவல் எழுதுவாளா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வயிறு எரிந்தால் யாரும் எழுதுவார்கள்.

கதை அவள் தங்கை ரெனிதாவுடையது. பாரிவாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட ரெனிதா, புருஷனின் அடி தாங்காமல் அக்கா வீட்டுக்கு ஓடிவரும்போதெல்லாம் பெரியவர்கள் கூடுவார்கள். அவள் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணுவார்கள், டீயும் பிஸ்கட்டும் சாப்பிடுவார்கள், சமாதானமாகப் போ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடைசி முறை அவள் வந்தபோது, "நான் வர்ற வரிக்கும் எங்கயும் போவாத" என்று சொல்லிவிட்டுத்தான் ஜெயகுமாரி வேலைக்குக் கிளம்பினாள். சாயங்காலம் திரும்பினால் தங்கை இல்லை. தானே ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள் என்றார்கள். அந்த மாதமே ரெனிதாவைச் சவப்பெட்டியில் வைத்தார்கள். விஷக் காய்ச்சல் என்றார்கள். அதையும் நம்பச் சொன்னார்கள்.

நாவலைப் படித்த ஒரு பதிப்பகத்துக்காரர், நன்றாகத்தான் இருக்கிறது, ஜெபக் காட்சியை மட்டும் எடுத்துவிட்டு, அந்தப் பெண் புருஷனோடு சேர்ந்து வாழ்வதாக முடித்தால் குடும்பங்களில் வாங்குவார்கள் என்றார். செத்துப்போனவளை எப்படி ஐயா சேர்த்து வைப்பது? ஜெயகுமாரி அவருக்குப் பதில்கூடப் போடவில்லை. தானே போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

ஆர்டர் வந்தால் மட்டும் அச்சடித்து அனுப்பும் இணையதளம் ஒன்றில் கணக்குத் தொடங்கினாள். அட்டைப் படம் அவள் இஷ்டம், முடிவு அவள் இஷ்டம், எந்த வரியிலும் யாரும் கைவைக்க முடியாது. விற்காத புத்தகம் கட்டிலுக்கு அடியில் கிடந்து கரையான் அரிக்கும் தொல்லையும் இல்லை. எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் மாற்றிப் போட்டால் போதும், அடுத்த பிரதி திருந்தி வந்துவிடும். பிழைக்கும் பஞ்சமில்லை, பார்த்துத் திருத்திக் கொடுக்க அவளுக்கு யார் இருந்தார்கள்? எந்தக் கடைக்காரரும் புத்தகத்தை வாங்கி வைக்கவில்லை. ஆவடியில் ஒரு இலக்கியக் கூட்டத்துக்கு எடுத்துப் போனபோது, மேடைக்குப் போகவிருந்த ஒருவர் புரட்டிக்கூடப் பார்க்காமல், "ஓ, நீங்களே போட்டுக்கிட்டதா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு யார் போட்டுக் கொடுப்பார்களாம், அவரா?

படித்தவர்கள் லேடீஸ் பெட்டிப் பெண்கள்தான். கைக்குக் கை மாறி நாவல் திருநின்றவூருக்கும் பட்டாபிராமுக்கும் போனது. அது எப்படியோ அவள் அண்ணன் வேதமுத்துவின் காதுக்கும் எட்டியது. சபைக் கமிட்டியில் இருப்பவர் அவர். வீடு தேடி வந்து கத்தினார்.

"சபை மானத்த கப்பலேத்திட்ட. அந்த ஜெபத்த எடு. நீயா போட்டதுதான, நீயே எடுத்துடு."

பதிப்பகம் என்று ஒன்று இருந்திருந்தால் அங்கே போய்க் கத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். தானே போட்டால் வருகிறவன் போகிறவனெல்லாம் திருத்தம் சொல்வான். ஆனால் அன்றைக்கு அவள் புருஷன் ரிச்சர்ட் குறுக்கே வந்து, "கத மச்சான் அது, வுடுங்க" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஜெயகுமாரிக்கு மனசு குளிர்ந்துபோனது. அவன் இன்னும் நாவலைப் படித்திருக்கவில்லை என்பதை அவள் பெரிதாக நினைக்கவில்லை.

சில மாதம் கழித்து, அவளோடு வேலை பார்க்கும் தீபிகா, நாத்தனாருக்குக் கொடுக்க ஒரு புதுப் பிரதி வாங்கியிருந்தாள். காலை ரயிலில் அதைப் புரட்டிக்கொண்டே வந்தவள், "அக்கா, இன்னாத்துக்கு மாத்தினீங்க? பழசுல பைக்கு இருந்திச்சு, இதுல ஆட்டோன்னு கீது" என்றாள்.

ஜெயகுமாரி வாங்கிப் பார்த்தாள். 'சொந்தக்காரர் ஒருவர் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்' என்று அவள் எழுதியிருந்த இடத்தில், 'அவள் தானே ஆட்டோ பிடித்துப் போனாள்' என்று இருந்தது.

வேதமுத்துவின் வேலை என்றுதான் முதலில் நினைத்தாள். ஆத்திரத்தோடு ஜெபக் காட்சியைத் தேடினாள். அது ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே இருந்தது. அண்ணன் மாற்றியிருந்தால் அதையல்லவா எடுத்திருப்பார்? அந்தக் கணக்கைத் திறக்க வேண்டுமானால் ஓடிபி வேண்டும். ஓடிபி போவது ரிச்சர்டின் செல்போனுக்கு. கேஸுக்கும் பாங்குக்கும் ரேஷன் கார்டுக்கும் அவன் நம்பரைக் கொடுத்தே பழகிய கை, புத்தகத்துக்கும் அதையே கொடுத்திருந்தது. யாரும் கைவைக்க முடியாது என்று நினைத்த புத்தகத்தின் சாவி புருஷன் சட்டைப் பையில் கிடந்திருக்கிறது.

அது கிடக்கட்டும். உண்மையில் அந்தப் பைக்கை ஜெயகுமாரி பார்க்கவே இல்லை. பர்ஸ்கூட எடுக்காமல் ஓடிவந்த தங்கை ஆட்டோவில் போயிருக்க மாட்டாள், யாரோ கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள் என்று அவள் மனசு அடித்துச் சொன்னது. யாரென்று தெரியாததால் பெயரும் வைக்கவில்லை, முறையும் சொல்லவில்லை. வெறும் ஊகத்தில் எழுதிய ஒரு வரியைப் பார்த்து ஒருவனுக்கு உறைத்திருக்கிறது.

அம்பத்தூரில் இறங்கி, எதிர் ரயில் பிடித்து வீடு திரும்பினாள். ரிச்சர்டுக்கு அன்று இரண்டாம் ஷிஃப்ட். பேண்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"என் புக்க எப்போ படிச்சீங்க?"

"போன மாசம். இன்னா இப்போ?"

"பைக்க எதுக்கு எடுத்தீங்க?"

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "உங்க அண்ணன்தான் மாத்த சொன்னாரு."

"அண்ணன் ஜெபத்த எடுக்கச் சொன்னாரு. ஜெபம் அப்டியே கீது. நீங்க பைக்க எடுத்துக்கீறீங்க. அந்த பைக்கு நானா எழுதுனது. யாருன்னே எனக்குத் தெரியாது. நீங்க கைவைக்காம இருந்திருந்தா சாவுற வரிக்கும் தெரிஞ்சிருக்காது."

ரிச்சர்ட் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "பெரியவங்க சொன்னாங்க ஜெயா. நான் இல்லன்னா வேற எவனாச்சும் இட்டுகினு போயிருப்பான்."

அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு. அந்தப் பெரியவர்களை ஒவ்வொருவராக இழுத்துவந்து நிறுத்தி அடிக்க வேண்டும் போல இருந்தது. அவள் செல்போனைத் திறந்தாள். அவன் சட்டைப் பையில் மணி அடித்தது.

"நம்பர சொல்லுங்க."

சொன்னான். பழைய வரியைத் திரும்பப் போட்டாள். கணக்கில் தன் நம்பரைக் கொடுத்து, அந்த மாற்றத்துக்காக அவன் செல்போனுக்கு வந்த இன்னொரு ஓடிபியையும் அவன் வாயாலேயே சொல்ல வைத்தாள். பிறகு கேட்டாள்.

"வழியில எதுனா பேசினாளா?"

"பருத்திப்பட்டு ஏரிகிட்ட வண்டிய நிறுத்த சொல்லிச்சு."

"நிறுத்துனீங்களா?"

"ஷிஃப்டுக்கு லேட்டாயிடும்னு நிறுத்தல."

ஜெயகுமாரி அதையும் எழுதினாள். 'ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். வேலைக்கு நேரமாகிறது என்று அவர் நிறுத்தவில்லை.'

"பேரு மட்டும் போட்டுடாத ஜெயா" என்றான் ரிச்சர்ட்.

"போட மாட்டேன். படிக்கிற பொம்பளைங்க அவங்கவங்க ஊட்டு ஆம்பளைய பாத்து, நீயான்னு கேக்கட்டும்."

வெளியிடு என்ற பொத்தானை அழுத்தினாள்.