என் நாத்தனாரும் சாக மறுத்த புழுக்களும்

என் நாத்தனாருக்குப் புழுக்களுக்கு ஊசி போடுவதுதான் வேலை. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் இதைக் கேட்டு முதலில் சிரிப்பார்கள், பிறகு தேநீரைக் கீழே வைப்பார்கள். கடைசியாக வந்தவர் மட்டும் துணிந்து, "கை கழுவுவீங்கல்ல?" என்று கேட்டுவிட்டார். இவள் சிரித்த சிரிப்பில் அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

வயது முப்பத்தாறு. கடைத்தெருவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள் கொண்ட ஆய்வுக்கூடம். தேன்கூட்டு மெழுகைத் தின்று கொழுக்கும் அந்துப்பூச்சியின் புழுக்கள்தான் அங்கே நோயாளிகள். வெண்ணெய் நிறத்தில் பாதி விரல் நீளம் இருக்கும். புழுவை விரல் மேல் வளைத்து, பின்னங்காலோரம் ஊசியை இறக்குவாள். பாவம், அது வாயைத் திறந்து கத்தவும் கத்தாது.

சமையலறையில் நான் வெங்காயம் நறுக்கும்போதுதான் அவளுக்குப் பாடம் நடத்தத் தோன்றும்.

"அண்ணி, நம்ம உடம்பு மாதிரி ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியா அடையாளம் வெச்சுக்கிற வசதி புழுவுக்குக் கிடையாது. ஆனா லேசுப்பட்டதுன்னு நினைச்சுடாதீங்க. மேல் தோலே ஒரு கவசம். பூஞ்சை அதைத் துளைச்சுக்கிட்டு உள்ள போச்சுன்னு வைங்க, ரத்தத்துல சுத்துற அணுக்கள் ஓடி வந்து முழுங்கும். முழுங்க முடியாத சைஸ்னா கூட்டமா ஒட்டிக்கிட்டு, கறுப்பா ஒரு உறை போட்டு உயிரோட சமாதி கட்டிடும்."

"ஐயோ, போதும்டி."

"இருங்க, இன்னும் இருக்கு. உடம்புக்குள்ள இருக்கிற கொழுப்பு சும்மா இருக்குமா? அது விஷம் காய்ச்ச ஆரம்பிச்சுடும். பாக்டீரியாவை ஓட்டை போட ஒண்ணு, பூஞ்சைக்கு வேற ஒண்ணு!"

சொல்லும்போது அவள் கண்கள் பளபளக்கும். எனக்கும் கண்ணில் தண்ணீர், வெங்காயத்தால்.

ஆய்வுக்கூடத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்றுதான் அழைப்பார்கள். அவருக்கு அப்போது ஒரு கேள்வி. தீங்கில்லாத ஈஸ்ட்டை முதலில் போட்டு உசுப்பிவிட்டு, மறுநாள் கொல்லக்கூடிய பூஞ்சையைப் போட்டால் புழு பிழைக்குமா? கேள்வி தயார், புழு தயார், ஆய்வுக்கூடத்து ஈஸ்ட் மட்டும் கெட்டுப்போயிருந்தது. என் நாத்தனார் கண்ணாடிக் குழாயோடு கீழே பேக்கரிக்கு ஓடினாள்.

"ஈஸ்ட் வேணும்."

"எத்தனை கிலோ?" என்றார் ரொட்டிக்காரர்.

"ஒரு சிட்டிகை. புழுவுக்கு ஊசி போடணும்."

அவரும் சிரித்தார். மாவு பறக்கப் பறக்கச் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த கையோடு, "எந்த இடத்துல போடுவீங்க?" என்று கேட்டாரே, அங்கேதான் விஷயம் ஆரம்பித்தது.

அந்த ஈஸ்ட்டைச் சுத்தமாக வளர்த்தெடுத்துப் பாதிப் புழுக்களுக்கு ஊசி போட்டாள், ஒப்பிட்டுப் பார்க்க மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். மறுநாள் எல்லாப் புழுக்களுக்கும் பூஞ்சை. உப்புத் தண்ணீர் வாங்கியவை கறுத்துச் செத்தன. ஈஸ்ட் வாங்கியவற்றில் பெரும்பாலானவை ஜம்மென்று நெளிந்தன. ரொட்டிக்காரர் தினமும் அடுப்பு வேலை முடிந்ததும் மாடி வாசலில் வந்து நின்று, "என் பசங்க எப்படி இருக்காங்க?" என்று விசாரிப்பார். பிழைத்துவிட்டன என்று கேட்டதும் அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் இனிப்பு பன் இலவசம்.

ஒரு தடவை நடந்ததை மேடம் நம்பமாட்டார். மறுபடி செய்தார்கள். இந்தத் தடவை விபரீதம்: உப்புத் தண்ணீர் வாங்கிய புழுக்களும் சாகவில்லை! பூஞ்சை செத்துப்போயிற்றோ என்று பார்த்தார்கள். தட்டில் அது காடாக வளர்ந்தது. ஊசியைச் சந்தேகித்தார்கள், உப்பைச் சந்தேகித்தார்கள். மேடம் என் நாத்தனாரையே ஒரு மாதிரி பார்த்தாராம்.

வாசலில் நின்ற ரொட்டிக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், இந்தத் தடவை வந்த புழு பார்சலை நான்தானே வாங்கி மேல கொண்டு வந்தேன்... கடையில ரேடியோல ஒரு நல்ல பாட்டு. படியேறும்போது டப்பாவைக் கொஞ்சம் தாளத்துக்கு ஆட்டினேன்."

"கொஞ்சமா?"

"பாட்டு முழுக்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று என் நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். "திரும்ப ஆட்டுங்க," என்றார் மேடம். "அதே பாட்டு, அதே மாதிரி."

புதுப் புழுக்கள் வந்தன. பாதியைப் பூப்போல வைத்தார்கள். மீதியை ரொட்டிக்காரர் மாடிப்படியில் ஆடிப் பாடிக் குலுக்கினார். மேடம் கடிகாரத்தோடு நின்றார். சும்மா இருந்தவை செத்தன, குலுங்கியவை பிழைத்தன. குலுங்கிய புழுவின் ரத்தத்தில் அணுக்களும் கூடியிருந்தன, விஷமும் கூடியிருந்தது. ஏதோ ஆபத்து வருகிறது என்று உடம்பு முன்னதாகவே கச்சை கட்டிவிட்டதாம். இதை வேறு தேசத்தில் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதை மேடம் பிற்பாடு தேடிப்பிடித்தார். அதனாலென்ன, எங்கள் படிக்கட்டில் அது அன்றைக்குத்தானே நடந்தது!

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்ன அழகில் என் கணவரே செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார். எனக்கு வேறொன்று காதில் விழுந்தது. மறுநாள் காலை பேக்கரிக்குப் போய் நின்றேன்.

"என்ன வேணும் அக்கா?"

"பன் நாலு. அப்புறம், இந்த மாடியில புழு வளர்க்கிறாங்களாமே? அருவருப்பா இல்ல?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "அருவருப்பா? இங்க பாருங்க." ஒரு உலர்ந்த திராட்சையை எடுத்தார். "இதுதான் கிருமி." மாவைப் பிய்த்து அதன் மேல் அப்பினார். "இதுதான் அணுக்கள். சுத்தி வளைச்சு, அப்பி, மூடி... இனி அது வெளிய வர முடியுமா சொல்லுங்க!" எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்தது. அவர் விஷம் காய்ச்சுவது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"புழுவுக்கு ஊசி போடுறாளே, நான் அவளோட அண்ணி," என்றேன்.

மாவு உருண்டை கை நழுவியது. "என்னைப் பத்தி... ஏதாவது சொன்னாங்களா?"

"உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல, புழுவைப் பத்தித்தான் சொன்னா. ஆனா எந்தப் புழுக் கதையை எடுத்தாலும் நடுவுல நீங்க வந்துடுறீங்க."

அன்றைக்கு அவர் கடையில் ஒரு பன்கூட உருப்படியாக வேகவில்லை என்று கேள்வி. மாலையில் எங்கள் வீட்டு வாசலில் சட்டையில் மாவோடு வந்து நின்றார். என் கணவர் அண்ணன் என்ற மிடுக்கில் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் என் நாத்தனார் உள்ளேயிருந்து, "எனக்குச் சம்மதம்!" என்று கத்திவிட்டாள். இன்னும் யாரும் எதுவும் கேட்கவே இல்லை.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். மேடம் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஆய்வுக்கூடத்துக் காவலாளியிடமிருந்து போன். மிச்சப் புழுக்களைப் போட்டு வைத்திருந்த வளர்ப்பு ஜாடியின் மூடி திறந்துகொண்டதாம், அந்துப்பூச்சிகள் அறை முழுக்கப் பறக்கின்றனவாம். மணமக்கள் மாலையோடு ஓடினார்கள். பின்னால் மேடம், அவர் பின்னால் நான். அறைக்குள் மணப்பெண் நாற்காலி மேல் ஏறி வலையை வீசினாள். மாப்பிள்ளை ஜன்னல் ஜன்னலாகச் சாத்தினார். பூச்சியென்றால் பத்தடி தள்ளி நிற்கும் என் கணவர் கடைசியாக மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் இரண்டு கையையும் சேர்த்து ஒன்றைப் பிடித்துவிட்டு, அறை அதிரக் கூவினார்:

"பிடிச்சுட்டேன்! ஏய், கைக்குள்ள படபடங்குது! சீக்கிரம் யாராவது ஜாடியைக் கொண்டாங்க!"