அப்பாவின் பெட்டிக்கு என்ன வயது

என் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் ‘பிதுக்கி’ என்று பெயர். ஏலக்கடையின் பின்னறையில், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு, யாராவது கொண்டுவந்த வெள்ளிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் கீழுதடு பிதுங்கும். எதிரில் இருப்பவரின் முகம் தொங்கிப்போகும். “வெள்ளி இல்லீங்க, மேல்பூச்சு” என்று அவர் வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம்.

பழைய வெள்ளிப் பெட்டியில், மூடியின் உள் ஓரத்தில் எள்ளளவு முத்திரைகள் வரிசையாக இருக்கும். ஒன்று செய்த பட்டறையின் அடையாளம், ஒன்று வெள்ளியின் தரம், ஒன்று செய்த வருடம். வருடத்துக்கு ஓர் எழுத்து. எழுத்துகள் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து வரும், ஆனால் எழுத்தைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவம் மாறிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெட்டியின் வயதைச் சொல்லிவிடலாம், ஜனங்கள் விட்டால். விற்கப் போகிறோமே, பளபளவென்று இருக்கட்டும் என்று பற்பசையைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து எடுத்துவருவார்கள். முத்திரை மழுங்கிப்போயிருக்கும். அப்போதுதான் இவருக்குக் கோபம் வரும்.

“முகத்தக் கழுவச் சொன்னா மூக்கையே தேச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்களே!”

இப்படி ஊரார் ஆசையில் மண்ணைப் போட்டே தலை நரைத்த மனிதர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றவே அலுப்பு. “இன்னிக்கும் என்னைத் திட்டிட்டுத்தான் போனாங்க” என்று நாற்காலியில் சரிவார். “யாராவது ஒருத்தருக்கு ஒரு பொய் சொன்னாத்தான் என்ன, வாயிலருந்து முத்தா கொட்டிடும்?” என்று நான் கேட்பேன். காபி டம்ளரைக்கூடத் திருப்பி அடியைப் பார்ப்பார், பழக்கதோஷம்.

இத்தனை பெட்டிகளைப் பார்த்தவர் எங்கள் வீட்டுப் பெட்டியை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததே இல்லை.

அது என் மாமனாருடையது. நான் மருமகளாக வருமுன்பே அவர் போய்விட்டார். பெரிய ஹோட்டல் ஒன்றில் சர்வராக இருந்தவர். ஒரு நாள் ஒரு விருந்தாளியின் வெள்ளி சிகரெட் பெட்டி காணாமல்போனது. பழி இவர்மேல் விழுந்தது. “டப்பாவோட வந்தா வேலை, இல்லாட்டி இந்தப் பக்கமே வராதே” என்று மேனேஜர் துரத்திவிட்டார். என் வீட்டுக்காரர் பிறந்த வருடம் அது. மாமனார் அதற்குப் பிறகு கிடங்கில் மூட்டை சுமந்தார். அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அவர் இறந்தபின் டிரங்குப் பெட்டியைக் குடைந்த பிள்ளைகள் இருவருக்கும், அடியில் துணியில் சுற்றிய ஒரு வெள்ளி சிகரெட் பெட்டி கிடைத்தது. அவரோ பீடிகூடப் பிடிக்காதவர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அதைச் சுற்றிப் பழையபடியே வைத்துவிட்டார்கள்.

இவருடைய அக்கா, என் அண்ணி, எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணமே வேண்டாம் என்று, மருந்துக்கடையில் நின்று நின்று தம்பியை ஆளாக்கியவர். நானும் அவரும் பேசிக்கொண்டதைவிட முறைத்துக்கொண்டதுதான் அதிகம். இந்த வருடம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். அதிலேயே அண்ணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஒரு விடுமுறை நாள் மதியம், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி கரண்டியைத் தள்ளிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார்.

“ஊரான் வீட்டு டப்பாவயெல்லாம் பாக்குறியே, நம்ம வீட்ல ஒண்ணு கெடக்கே. அதப் பாருடா.”

“இப்ப எதுக்குக்கா?”

“அப்பா எடுத்தாரா இல்லையான்னு தெரியாம எனக்குப் போகப் பிடிக்கல.”

“பாத்து, அதுதான்னு ஆயிட்டா?”

“ஆகட்டும். சந்தேகத்தோட இருந்து எனக்கு அலுத்துப்போச்சு.”

இவர் என்னைப் பார்த்தார். நானே டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்துவந்து கொடுத்தேன்.

துணியைப் பிரித்தால் கரிக்கட்டி மாதிரி இருந்தது. ஜன்னலோரம் போய் மூடியைத் திறந்தார். முத்திரைமேல் வாயால் ஊதினார். மூச்சின் ஈரம் படிந்ததும் கறுப்புக்குள்ளிருந்து எழுத்து எழும்பி நின்றது. இவ்வளவு தெளிவான முத்திரையை அவர் கடையில்கூடப் பார்த்திருக்க மாட்டார். பெருமையாக வைத்திருந்தவர்கள் தேய்த்தே அழித்தார்கள். அவமானம் என்று மூடிவைத்த இந்த வீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஊதினார். மறுபடி பார்த்தார். உதடு பிதுங்கவில்லை, துடித்தது.

“அக்கா, இதுக்கு என்னைவிட ஒரு வயசு கம்மி.”

“புரியறமாதிரி சொல்லு.”

“தொலைஞ்ச டப்பா இது இல்ல. அது தொலைஞ்சப்ப இத இன்னும் செய்யவே இல்ல. அப்பா வேலை போனதுக்கு அடுத்த வருஷம் செஞ்சது இது.”

அண்ணி மூச்சுக்கு நடுவே, விட்டு விட்டுச் சொன்னார்.

“நீ அப்பத்தான் நடக்கப் பழகுற. அப்பா அந்தப் பழைய வெள்ளைக் கோட்ட இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, கையில ஒரு பொட்டலத்தோட ஹோட்டலுக்குப் போனாரு. போன கையோட அதே பொட்டலத்தோட திரும்பி வந்துட்டாரு. திருடினத திருப்பிக் குடுக்கப் போயி, பயந்து வந்துட்டாருன்னுல்ல நெனச்சேன்!”

“அந்த வருஷந்தான சைக்கிள வித்தாருன்னு சொல்லுவ?”

“ஆமாண்டா. வித்து, அதே மாதிரி ஒண்ணத் தேடி வாங்கியிருக்காரு. டப்பாவக் குடுத்தா வேலை கெடைக்கும்னு நம்பிப் போயிருக்காரு. இது என்னுது இல்லன்னு டப்பாவத் தொலைச்ச ஆளு சொல்லியிருப்பான்.”

“எனக்கு வேலை தெரிஞ்ச முதல் வருஷமே பாத்திருக்கலாம்” என்றார் இவர். “பயம்க்கா. வேற ஒண்ணும் இல்ல.”

“அப்பா செத்தன்னிக்கு நான் அழலடா” என்றார் அண்ணி. “எல்லாரும் அழுதாங்க. நான் அழல.”

இப்போது அழுதார். அழக்கூட அவரிடம் மூச்சு போதவில்லை. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எங்கள் சண்டையெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ, எனக்கும் தாங்கவில்லை.

அடங்கியதும் அண்ணி பெட்டியைக் காட்டினார். “தொடச்சுப் பளபளன்னு ஆக்கிக் குடுடா. வர்றவங்க கண்ணுல படறாப்ல தலைமாட்டுல வை.”

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். எழுந்துபோய்க் குளியலறையிலிருந்து பற்பசையை எடுத்துவந்தார். அக்காவின் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். மூடி வெளுத்தது, அடிப்பக்கம் வெளுத்தது. பிறகு மூடியைத் திறந்து, உள் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

“முத்திரை போயிடுமே” என்றேன்.

“போகட்டும்” என்றார். “பாக்க வேண்டியவங்க பாத்தாச்சு.”