அம்மை என்று நாங்கள் நினைத்த கொப்புளங்கள்

என் மனைவிக்கு முகத்தில் ஒரு பக்கம் நரம்பு வலி. பல் தேய்த்தால்கூடக் கரண்ட் அடித்ததுபோல் துடிப்பாள். அதற்கு டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி அடங்கியது. இரண்டு வாரம் போனதும் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது, உதடு புண்ணாயிற்று. மறுநாள் மார்பிலும் முதுகிலும் கொப்புளங்கள்.

குஷாய்குடாவில் எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அம்மவாரு வந்திருக்கிறாள், அதாவது அம்மை போட்டிருக்கிறது என்றார். எங்களுக்கும் அதே நினைப்புதான். அம்மை என்றால் எங்கள் வழக்கத்தில் மருந்து கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. வேப்பிலை, இளநீர், மோர், அவ்வளவுதான். ஆத்தா இறங்குகிற வரைக்கும் ஒன்றும் வேண்டாம் என்று அவளே அந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டாள்.

இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் தலையணை உறையை இழுத்தபோது கழுத்துத் தோலும் அதோடு வந்தது. அவள் கத்தவில்லை.

"என்னங்க, லைட்டப் போடுங்க" என்றாள்.

நல்ல பகல். ஜன்னல் திறந்திருந்தது. ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா, அண்மையில் புது மாத்திரை ஏதாவது சாப்பிட்டாளா என்று முதலில் கேட்டார். பிறகு, இது அம்மையே இல்லை, அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாததால் வந்தது, உயிரைக் காப்பாற்றப் போராடிப் பார்க்கலாம், கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்.

அவர் பொறுமையாகச் சொன்னதை, எனக்குப் புரிந்தவரை, இதைப் படிக்கும் குழந்தைகளே, உங்களுக்கும் சொல்கிறேன். நம் இரத்தத்தில் காவல் செல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கிருமி புகுந்த செல்லைக் கண்டால் அதோடு ஒட்டிக்கொண்டு, தமக்குள் வைத்திருக்கும் நச்சுப் புரதங்களை அதன்மேல் விடும். ஒரு புரதம் அந்தச் செல்லின் சுவரில் ஓட்டை போடும். இன்னொன்று ஓட்டை வழியே உள்ளே போய், அது தானாகவே செத்துப்போகும்படி செய்துவிடும். இப்படித்தான் நாம் தினமும் பிழைத்திருக்கிறோம். ஆனால் சிலர் உடம்பில் சில மாத்திரைகள் நல்ல செல்களின்மேல் போய் ஒட்டிக்கொள்ளுமாம். பாலாநகரில் எங்கள் ஃபேக்டரி கேட்டில், அடையாள அட்டையில் இருக்கும் படத்தின்மேல் வேறு எதையாவது ஒட்டிக்கொண்டு போனால் செக்யூரிட்டி உள்ளே விடுவாரா? அதுபோலக் காவல் செல்கள் அவள் தோலையே அந்நியன் என்று எண்ணிவிட்டன. கொப்புளத்து நீரில்கூட அந்த நஞ்சு நிறைந்திருந்ததாம்.

இதை என் மகளிடம் சொன்னேன். அவளுக்கு எட்டு வயது.

"நம்ம ஆளுங்கதானே டாடி, எதுக்கு மம்மிய அடிக்கிறாங்க?" என்றாள்.

வேண்டுமென்று இல்லை, ஆள் தெரியாமல்தான் என்றேன். அது அவளுக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை.

அம்மை என்று மாத்திரையை நிறுத்தியது நல்லதாயிற்று என்றார் டாக்டரம்மா. அம்மை என்று வீட்டிலேயே வைத்திருந்ததுதான் கண்ணைக் கெடுத்தது என்றும் அவரே சொன்னார். இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது சந்தோஷப்படவும் தெம்பில்லை, அழவும் தெம்பில்லை. ஷிஃப்ட் முடித்து பஸ், பஸ்ஸை விட்டு ஆஸ்பத்திரி. வெளி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். தீப்புண் வார்டில் வைத்து மெல்ல மெல்லத் தோலை மீட்டார்கள். இமைகள் ஒட்டிக்கொள்ளாமல் தினமும் பிரித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அவள் என் கையை நசுக்கிவிடுவாள்.

ஒருநாள் மகளையும் உள்ளே விட்டார்கள். அவள் கட்டிலோரம் போய் நின்றாள். என் மனைவி இமையைக் கஷ்டப்பட்டுத் தூக்கினாள்.

"யாருடி அது, பச்சை ரிப்பன் கட்டினது?"

"பச்சை இல்ல மம்மி, ப்ளூ."

"ரிப்பன்னு தெரியுதுல்ல, போதும்டி."

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். பார்வை கொஞ்சம் மங்கல்; அரிசியில் கல் பொறுக்குவது மகள் வேலையாகிவிட்டது. கண்ணீர் சுரக்கும் இடமும் வறண்டுபோனதால் நாள் முழுக்கச் சொட்டு மருந்து விடவேண்டும். வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே கூப்பிடுவாள்.

"என்னங்க, நான் அழுதுட்டிருக்கேன். வந்து கண்ணீர் ஊத்துங்க."

சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். நான் கை கழுவிக்கொண்டு போகிறேன்.