தேசிங்கின் ஏழு ட்ராக்குகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனாம்பேட்டில் இருக்கும் என் தங்கை கவிதா வீட்டுக்குப் போனால்... புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு மூலையில். சண்டை எதற்கு? ஒரு ட்யூனுக்கு!

இரண்டு வருடம் உழைத்து கவிதா ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்திருக்கிறாள். வேலப்பன்சாவடியிலிருந்து கொரட்டூர் வரை ஷேர் ஆட்டோ ஓட்ட வேண்டும், பள்ளத்தில் இறங்காமல். நம்ம ஏரியாவில் இதைவிடக் கஷ்டமான விளையாட்டு உண்டா? இசை, அவள் கணவர் தேசிங்கு. ஆவடியில் தொழிற்சாலை வேலை. முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு.

விளையாட்டைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டாள். அதாவது, யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இப்படிப்பட்டவற்றைத் திரட்டி உலகத்துக்கே தரும் ஒரு தன்னார்வக் குழு மெயில் போட்டிருந்தது. “விளையாட்டு அருமை. படங்களுக்கு, அடுக்கடுக்காகப் பிரித்துத் திருத்தக்கூடிய லேயர் ஃபைல் இருக்கிறது. இசைக்கு சோர்ஸ் எங்கே? இல்லாவிட்டால் இசையை நீக்கிவிட்டுத்தான் சேர்ப்போம்.”

பாட்டுக்கு ஏது சோர்ஸ்?

“எம்பி3 வெந்த இட்லிண்ணா. அத்த மறுபடி மாவாக்க முடியுமா? அவங்க மாவு கேக்குறாங்க” என்றாள் கவிதா. தபேலா தனி, பேஸ் தனி, புல்லாங்குழல் தனி — வாசித்தவரே மாற்ற உட்கார்ந்தால் எதைத் திறப்பாரோ, அந்த ஃபைல்.

அந்த ஃபைல்தான் இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மிக்ஸ் முடிந்ததும், தனி ஃபைல்களை அழித்துவிடுவது தேசிங்கின் பழக்கம். மேடையில்கூட கீபோர்டின் திரைமேல் கைக்குட்டை போட்டிருப்பார். ஒலியை எப்படி அமைத்திருக்கிறார் என்று காட்டும் டோன் செட்டிங்கை வேறு குழுக்காரர் பார்த்துவிடக் கூடாதாம். சிரிக்காதீர்கள்... சாம்பார் பொடிக்கு அளவு கேட்டால் ஒரு பொருளை விட்டுவிட்டுச் சொல்கிறவர்கள்தானே நாமும்?

“இன்னா மச்சான், இருபது வருசமா தேடித் தேடி செஞ்ச டோனு. அத்த ஊருக்கே தொறந்து காட்டணுமா? நாளைக்கு எவனாவது வாசிச்சுகினு போவான்... அப்பால என்னை யாரு கூப்பிடுவா?”

நியாயமான பயம். ஆனால் கவிதா விடவில்லை.

“நான் எழுதுன ப்ரோக்ராம் கோடு ஒவ்வொரு வரியும் தொறந்துதான் கீது. செஞ்ச தப்புகூடத் தெரியுது. நான் இன்னா கொறஞ்சா பூட்டேன்? உன் மூஜிக் இல்லாம அந்த ஆட்டோ நவுராதுய்யா. ஊமையா அனுப்புறதுக்கு, அனுப்பாமலே கெடக்கட்டும்!”

தேசிங்கு எழுந்து போய் கீபோர்டை எடுத்து வைத்தார். சாயங்காலத்துக்குள் ஏழு ட்ராக்கையும் முதலிலிருந்து வாசித்து, தனித்தனியாகப் பதிவு செய்தார். டோன் செட்டிங்குகளையும் சேர்த்துக் கொடுத்தார். அது இல்லாமல் மாவு முழுசாகாதாம்.

தன்னார்வக் குழு விளையாட்டை இசையோடு சேர்த்துக்கொண்டது. போன வாரம் ஒரு மெயில். எங்கோ வெளிநாட்டில் ஒரு டீச்சர் அந்த இசையின் வேகத்தைக் குறைத்து, தாளத்தை மாற்றி, தன் வகுப்புக் குழந்தைகளுக்கான விளையாட்டில் சேர்த்திருக்கிறார். முதல் திரையிலேயே, ‘மூல இசை: தேசிங்கு, மேனாம்பேடு’.

கல்யாண மேடை பேனரில் குழுவின் பெயர்தான் இருக்கும். தேசிங்கின் பெயரை எங்கேயும் யாரும் போட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையாக இருந்தது என்று சொல்ல என்ன வெட்கம்?

அவரோ ஹெட்போனில் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். “பேஸைக் கெடுத்து வெச்சிகிறாங்க மச்சான்...” அடுத்த நொடி சிரித்தார். “பரவால்ல, அவங்க ஃபைலும் தொறந்துதானே கீது. நானே சரி பண்ணி அனுப்புறேன்.”

இத்தனை நாள் அவரை ‘என் தங்கச்சி வீட்டுக்காரர்’ என்று அறிமுகப்படுத்தி வந்தேன். இனிமேல் நான்தான் ‘தேசிங்கோட மச்சான்’!