ஈரக் கை

கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் கார் பாகங்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறைகள் நான்கைந்து இருந்தும், கறுப்புக் கார் வைத்திருப்பவர்கள் கமலநாதனைத்தான் தேடி வந்தார்கள். கறுப்பில் எதையும் மறைக்க முடியாது. ஒரு தூசி விழுந்தாலும், ஒரு சொட்டு வழிந்தாலும் வெயில் காட்டிக்கொடுத்துவிடும். அவன் அடித்த போனட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள்.

அந்தப் பேரில் பாதி அவன் மனைவி சந்திரகலாவுடையது. ஸ்ப்ரே கன்னைப் பிடிப்பது அவன் வேலை. அதற்கு முன்னாலுள்ளதெல்லாம் அவள் வேலை. பள்ளத்தை நிரப்பப் புட்டிப் பசை போட்ட இடத்தைத் தண்ணீர் விட்டு, முதலில் சொரசொரப்பான சேண்ட் பேப்பராலும் பிறகு மெல்லியதாலும் மணிக்கணக்கில் தேய்ப்பாள். துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மெதுவாகத் தடவுவாள்.

"இங்க ஒரு மேடு இருக்கு."

கமலநாதன் விளக்கைப் பிடித்துப் பார்ப்பான். ஒன்றும் தெரியாது. அடிச்சாயம் பூசிய பிறகு, அவள் சொன்ன அதே இடத்தில் மேடு தெரியும். சில மாதங்களில் அவன் விளக்குப் பிடிப்பதை விட்டுவிட்டான். பதினொரு வருடம் இப்படியே ஓடியது.

ஒரு நவம்பர் மாதம் கிள்ளானில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஜெய்னுலாபுதீன் தன் பழைய கறுப்புக் காரின் போனட்டைக் கொண்டுவந்தார். மகள் இஷ்ரத்தை நிக்காஹுக்கு அந்தக் காரில்தான் அழைத்துப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு வாரம் நேரம் இருந்தது. கமலநாதன் இடையில் வந்த வேறு வேலையை முதலில் எடுத்துக்கொண்டான். போனட் கல்யாணத்துக்கு முந்தைய நாள்வரை தள்ளிப்போனது.

லேக்கர் சாயத்தை மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது என்று அடிக்க வேண்டும். இரண்டு பூச்சு முடிந்திருந்தபோது வானம் இருட்டியது. மணி மூன்று.

"காத்துல ஈரம் வந்துருச்சு. இப்ப அடிக்காதீங்க, வெளுத்துப் போயிடும்" என்றாள் சந்திரகலா.

"அஞ்சு மணிக்கு அவரு வந்துருவாரு. மழைக்கு முன்னால முடிச்சிடலாம்லா."

"போன் பண்ணி காலையில கொண்டுவந்து தரேன்னு சொல்லுங்க. நிக்காஹ் பதினொரு மணிக்குத்தானே?"

"எனக்குத் தெரியும். நீ தள்ளிக்கோ."

மீதி மூன்று மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டியதை ஒரே கனமான பூச்சாக அடித்தான். மழை கொட்டியது. பத்து நிமிடத்தில் பளபளத்த கறுப்பின்மேல் பால் கலந்ததுபோல ஒரு வெண்மை படர்ந்தது. ஈரக் காற்றில் லேக்கர் அடித்தால் இப்படித்தான் ஆகும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

ஜெய்னுலாபுதீன் உறவினர் இருவருடன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன கமலநாதன், கறுப்பு கேட்டா சாம்பல் கலர் வெச்சிருக்கீங்க?"

கமலநாதன் யோசிக்கவே இல்லை. "நான் நல்லாத்தான் அடிச்சேன் அண்ணே. இவதான் காயறதுக்குள்ள ஈரக் கையோட தொட்டுட்டா. சொன்னா கேக்க மாட்டேங்குறா."

"இந்த வேலைக்கெல்லாம் பொம்பளைங்கள வெச்சா இப்படித்தான் boss" என்று உறவினரில் ஒருவர் சிரித்தார்.

சந்திரகலா வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கணவனையே பார்த்தாள். அவன் குனிந்து கம்ப்ரெஸரை நிறுத்தப் போனான்.

மறுநாள் காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. சாயம் கரைக்கும் தின்னரைப் பனிபோல மேலே தூவியதும் வெண்மை கரைந்தது. காயவிட்டு, பாலிஷ் போட்டு, பத்து மணிக்குக் கிள்ளானில் போய்ப் பொருத்திக்கொடுத்தான். அவள் சொன்னபடியே காத்திருந்தாலும் அதே பத்து மணிதான் ஆகியிருக்கும். வண்டியில் திரும்பும் வழியெல்லாம் இது அவனை அரித்தது.

தலைவலி என்று அன்று வீட்டிலேயே இருந்த சந்திரகலா, திங்கட்கிழமையும் பட்டறைக்கு வரவில்லை. அடுத்த மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சண்டை போடவில்லை. சமைத்தாள், பேசினாள். பட்டறையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

"ஒரு கதவு வந்திருக்கு. கொஞ்சம் வந்து பாரேன்" என்று ஒருமுறை கேட்டான்.

"என் கைதான் ஈரக் கையாச்சே" என்றாள் அவள், அரிசி களைந்தபடி.

அவன் தானே கண்ணை மூடித் தடவிப் பார்த்தான். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. மேடு தெரிகிறதென்று சில கதவுகள் திரும்பி வந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பான். காலப்போக்கில் மறந்துவிடுவாள் என்று தனக்கே சொல்லிக்கொள்வான். இரண்டு வருடம் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனான்.

"அண்ணே, அன்னிக்கி நான் சொன்னது பொய். அவ தொடவே இல்ல. அடிக்காதீங்கன்னு சொன்னதே அவதான்."

ஜெய்னுலாபுதீன் அவனை உட்காரவைத்து டீ கொடுத்தார். "பிள்ளை கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. நான் அப்பவே விட்டுட்டேன்" என்றவர் கேட்டார்: "இதைத் தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்போ எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்து, கடை மூடும்வரை வாசலில் நின்றான். கூட வேலை செய்யும் தாமரையோடு சந்திரகலா வெளியே வந்தாள். தாமரை கேட்கும்படியாகவே சொன்னான்.

"அன்னிக்கி எல்லார் முன்னாலயும் உன்மேல பழியப் போட்டேன் கலா. தப்பு என்னுது. மன்னிச்சிடு."

தாமரை நடைபாதையோரம் ஒதுங்கிக்கொண்டாள்.

"தப்பு யாருதுன்னு நமக்கு அன்னிக்கே தெரியுமே" என்றாள் சந்திரகலா. "மாத்திச் சொல்லுவீங்கன்னு வாளியோட நின்னேன். அப்போ சொல்லியிருக்கணும்."

"கோவமா இருக்கியா?"

"கோவம் எப்பவோ போயிடுச்சுங்க. ஆனா பட்டறைக்கு வரமாட்டேன். எனக்கு இங்க பிடிச்சிருக்கு."

இருவரும் ஒன்றாக ரயிலேறினார்கள். காலியாக ஒரே இருக்கைதான் இருந்தது. அவள் உட்கார்ந்தாள். தீபாவளிக்குப் புதிதாக வந்திறங்கிய சேலைகளைப் பற்றி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கமலநாதன் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றான்.

அடுத்த வாரம், தேய்ப்பு வேலைக்கு ஆள் வேண்டும் என்று நான்கு பேரிடம் சொல்லிவைத்தான்.